விரோதகிருது வருஷத்து வாசல்

"பிள்ளைக்கு எதை வேண்டுமானாலும் கொடு, ஆனால்..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்லுவார் சார். அந்த 'ஆனால்' வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன சொல்லுவார் என்பது எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது சொல்லுவார். நாங்கள் அடுத்த வேலைக்கு ஓடிக்கொண்டிருப்போம். யார் நின்று முழுசாகக் கேட்டார்கள்? போகட்டும். உட்காருங்கள். மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள். காரைக்குடிப் பக்கத்து வெயில் சென்னைக்காரர்களுக்கு ஆகாது.

உங்கள் பையன் காசு போட்டுவைத்திருக்கிற அந்த பிஸ்கட் டப்பாவை மட்டும் இப்போது திறக்க வேண்டாம். உங்கள் கை வியர்த்திருக்கிறது. காசின் முகத்தைத் தொடவே கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். முதல் பாடம் அதுதான். உங்கள் பையனுக்கு எட்டு வயதா? நல்ல வயது. நாணயக் கண்காட்சியில் என் மகள் அமுதினியின் காசுகளைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பெண் இப்படிச் சேர்ப்பதற்கு அப்பா என்ன செய்தார் என்று கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என் மனைவி இருந்தால் இந்நேரம் காபி வந்திருக்கும். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், அக்கா வீட்டில். அதையும் சொல்கிறேன்.

நான் பத்தொன்பது வருஷம் நியூசிலாந்தில் இருந்தேன். காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடுகிற வேலை. வீடு எரிந்துவிட்டது, வெள்ளம் புகுந்துவிட்டது, பூகம்பத்தில் சுவர் விழுந்துவிட்டது என்றால் நான் போய்ப் பார்த்து, இவ்வளவு போயிற்று, இவ்வளவு மிச்சம் என்று எழுத வேண்டும். அழுதுகொண்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருப்பேன். கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள், யாராவது ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும்? மூன்று வருஷம் முன்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தோம். அமுதினிக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பெற்றவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

ஒருநாள் பயணப்பெட்டியின் அடியில் கிடந்த சில்லறையைக் கொட்டி அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் நகரவில்லை சார். வருஷவாரியாக அடுக்கிவைத்திருந்தாள். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தது. அந்தக் காலி இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அப்பா, இது எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டேன். இந்த ஊரோடு இவளைக் கட்டிப்போட ஒரு கயிறு கிடைத்தது என்று நினைத்தேன். பாத்திரக்கடை, பழைய இரும்புக்கடை, சந்தை, ஒன்று விடவில்லை. ஓட்டைக் காலணா, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, விக்டோரியா ராணி, எட்வர்டு என்று வந்தன. காசுக்காகத்தான் அவள் தமிழ் எழுத்தையே படித்தாள்.

இரண்டாவது பாடம், கழுவக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும். என் மனைவி மங்கை ஒருநாள் நல்லெண்ணத்தில், பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று, பதினேழு செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டாள். அந்தக் கருப்பு ஏற நூறு வருஷம் ஆகியிருக்கும். அது போனால் மதிப்பும் போயிற்று. அமுதினி அழவில்லை. நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஐந்தாவது நாள், "அம்மா, நீ என் ரூமுக்குள்ள வர வேணாம்" என்றாள். தெளிவான தமிழில் சொன்னாள். அவள் முழுசாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். மங்கை முகம் வாடிப்போனாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

சரி, கண்காட்சியில் எல்லோரும் கேட்டது வெள்ளி ரூபாய்களைப் பற்றி. அவை கடையில் வாங்கியவை இல்லை. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளை வாரத்துக்கு ஒன்றாக இடிக்கிறார்கள், தெரியுமா? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். தூணையும் கதவையும் விற்றுவிட்டு மனையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீடுகள் கட்டும்போது வாசல் நிலை நிறுத்துவார்கள் இல்லையா, கீழ்க்கட்டைக்கு அடியில் ஒரு குழி செய்து, நவதானியமும் காசும் பட்டுத்துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் நிலையை நிறுத்துவார்கள். புழக்கத்தில் அடிபடாத புதுக்காசு. அன்று அச்சடித்தது போலவே இருக்கும்.

காளிமுத்து என்று ஒரு மேஸ்திரி, வீடு இடிக்கிற வேலையை மொத்தமாக எடுத்துச் செய்கிறவர். அவரிடம் போனேன்.

"காசு இருக்கத்தான் செய்யும் சார். ஆனா நாங்க தொடமாட்டோம்" என்றார். "வீட்ட இடிக்கிற கை அதத் தொட்டா, தொட்டவன் வீடு தங்காது. வயசுக்கு வராத பொம்பளப்புள்ள ஒண்ணக் கூட்டியாந்து எடுக்கச் சொல்லுவோம். எடுத்து அய்யனார் கோயில் உண்டியல்ல போட்டுருவோம். முந்தியெல்லாம் சித்தாளுக புள்ளைகளக் கூட்டிட்டு வருங்க. இப்ப எல்லாம் இஸ்கூலுக்குப் போகுதுங்க. ஆளு கெடைக்கறதில்ல."

"என் மகள் இருக்கிறாளே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிக்கிற புள்ளைய எதுக்கு சார் இதுக்கு?"

"காசு எனக்குச் சும்மா வேண்டாம் மேஸ்திரி. உண்டியலுக்குப் போகிற காசுக்குப் பதிலாகப் புதுக் காசு நான் போட்டுவிடுகிறேன். சாமிக்கு வருஷமா முக்கியம்?"

"சனிக்கிழம கூட்டியாங்க" என்றார். சாமிக்கும் குறை இல்லை, அவர்களுக்கும் குறை இல்லை. யாருக்கும் எதுவும் போகவில்லை, பாருங்கள்.

முதல் வீடு ஒரு சனிக்கிழமை காலை. நிலையின் ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கடப்பாரையால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். முழுத் தேக்கு, நான்கு ஆள் சேர்ந்தாலும் அசையாது. அடியில் ஒரு ஜாண் இடைவெளி. அமுதினி குப்புறப் படுத்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். மரம் ஒரு முனகல் முனகியது. "எடும்மா, கைய எடு, கைய எடு!" என்று காளிமுத்து கத்தினார். அவள் எடுத்ததும் கடப்பாரை நழுவி நிலை உட்கார்ந்ததும் ஒன்றாக நடந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விரல்முட்டி எல்லாம் தோல் உரிந்து ரத்தம். ஆனால் பிள்ளை மூடிய கையைத் திறக்கவே இல்லை சார். அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி விரித்து அதன்மேல்தான் கையைத் திறந்தாள். மூன்று எட்வர்டு ரூபாய். நான் அவள் காயத்துக்கு மருந்து தடவும்போது அவள் வருஷத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எத்தனை குழந்தைகளுக்கு அந்த உறுதி வரும்?

அதன்பிறகு காளிமுத்தே போன் செய்ய ஆரம்பித்தார். நிலைகளின் மேற்கட்டையில் கட்டிய வருஷத்தைச் செதுக்கியிருப்பார்கள். ஆங்கில வருஷம் இருக்காது, தமிழ் வருஷம். அதற்காக அறுபது வருஷப் பெயரையும் மனப்பாடம் செய்தாள். பிரபவ, விபவ என்று தலைகீழாகவும் சொல்லுவாள். நம் பிள்ளைகளில் இன்று யாருக்கு அது தெரியும்?

ஊர் என்றால் நாலு வாய் இருக்கத்தானே செய்யும்? ஏழெட்டு வீடு ஆனதும் ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு வாசலில் நின்றால் அந்த வீடு இடியும் என்று. விஷயத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், பாருங்கள். இடிக்கப்போகிற வீட்டுக்குத்தான் அவள் போகிறாள். போனதால் இடியவில்லையே! பூ விற்கிற பாக்கியம், இவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்துகிறாள். "பாப்பா, எங்க வாசலப் பாத்துட்டு நிக்காத, போ" என்று என் காதுபடவே சொன்னாள். கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்தநாளுக்கு இவளை அனுப்பினால், அந்தப் பெண்ணின் அம்மா வாசல் கேட்டுக்கே வந்து, கேக்கை ஒரு பொட்டலமாகக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மங்கை அன்று முழுக்க அழுதாள். அமுதினி கேக்கைத் தின்றுகொண்டே வந்தாள். "பரவாயில்லம்மா. அவங்க வீடு எம்பத்தஞ்சுல கட்டினதுதான். அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மங்கை சிரிக்கவில்லை.

என்ன சார், டப்பாவை மடியில் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கீழே வையுங்கள். யாரும் எடுத்துவிடமாட்டார்கள்.

அடுத்தது நோட்டு. உங்கள் பையனுக்கும் ஒரு நோட்டு போடுங்கள், அது ரொம்ப அவசியம். அமுதினியின் நோட்டு அவளாகவே போட்டது, நான் சொல்லித்தரவில்லை. இந்த ஊரில் இன்னும் இடிக்காத வீடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டின் விலாசம், நிலையில் செதுக்கிய வருஷம், அதற்கு நேரான ஆங்கில வருஷம், யார் இருக்கிறார்கள், என்ன வயது, பிள்ளைகள் எந்த நாட்டில். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. அதில் எட்டு, மூன்று, ஐந்து என்று எண்கள். "இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"வருஷம்ப்பா. இன்னும் எத்தனைன்னு."

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அவள் என் பழைய வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனிகள் ஒருவருக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை ஒரு பாடமாகத்தான் விளக்கினேன். வயது, சர்க்கரை, இருதயம், துணை உண்டா, தனியாக இருக்கிறாரா. அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது, மறைப்பானேன். ஆனால் படித்துப் பார்த்தேன். கணிப்பு சரியாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள். அவற்றை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

ஜார்ஜ் மன்னர் வரிசையில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. 1911-ம் வருஷத்து ரூபாய். பன்றி ரூபாய் என்பார்கள். மன்னர் போட்டிருக்கிற அங்கியில் ஒரு யானை உண்டு. அச்சில் அது பன்றி மாதிரி விழுந்துவிட்டது. ஜனங்கள் முகம் சுளிக்கவே அரசாங்கம் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. அதனால் கிடைப்பது கஷ்டம். 1911 என்றால் தமிழில் விரோதகிருது வருஷம். நோட்டில் விரோதகிருது என்று செதுக்கிய வாசல் ஒன்றே ஒன்று இருந்தது, மேலத்தெருவில்.

அந்த வீட்டில் சேதுராமன் சார் இருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபத்தொரு வயது. அவ்வளவு பெரிய வீட்டில் முன்பக்கம் இரண்டு அறையில் ஒண்டிக்கட்டை. அமுதினி தினமும் சாயங்காலம் அங்கே போக ஆரம்பித்தாள். மங்கை செய்கிற கொழுக்கட்டை, ரசம் எல்லாம் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவாள். அவர் பேப்பர் படித்துக் காட்டுவார், இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி கிடையாது, ஊரில் ஒரு வீடு கதவு திறப்பது கிடையாது. இவர் ஒருவர்தான் "வா தாயி, வா" என்று கூப்பிட்டார். மங்கைக்கே ஆறுதலாக இருந்தது. "பரவால்லங்க, இப்பவாவது அவளுக்கு ஒரு மனுஷாளோட பழகத் தோணிருச்சு" என்றாள்.

போன ஆவணியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். அமுதினி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, சார் இனிமே வீட்டுக்கு வருவாரா? டாக்டர் என்ன சொன்னார்? மாடிப்படி ஏற முடியாதுல்ல?" பிள்ளைக்கு அவர்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது முதல் ஆளாக வாசலில் நின்றது அவள்தான். நிலையை எல்லாம் துடைத்து வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், சேதுராமன் சார் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம்.

"தியாகு தம்பி, உங்க பொண்ணு நோட்ட எங்க வீட்டுல விட்டுட்டு வந்துருச்சு. குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஏன் சார் இந்தக் காலோட நடந்து வந்தீங்க? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"நடக்கறேன்ல? அத நீங்க ஒரு தடவ நேர்ல பாக்கணும்னுதான் வந்தேன்."

நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். "இந்தா, என் பேரு. நேரா மொதல்ல நாலுன்னு போட்டு, நான் விழுந்த பெறகு அழிச்சுட்டு ஒண்ணு போட்டிருக்கு. பென்சில்லதான் எழுதியிருக்கு. அந்த மட்டும் சந்தோஷம்."

"குழந்தை சார். ஏதோ விளையாட்டா..."

"ஒங்க கையெழுத்தும் இருக்கே தம்பி. மூணாம் பக்கத்துல எங்க தெரு மெய்யம்மைக்கு அஞ்ச ரெண்டாத் திருத்துனது யாரு? மெய்யம்மை மாசியில போயிட்டா."

"தொழில் பழக்கம் சார்" என்றேன்.

மங்கை உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அது என்னப் பாக்க வரலை தம்பி. என் வாசலப் பாக்க வருது. நான்தான் ஆறு மாசமா வேற மாதிரி நெனச்சுக்கிட்டு, சாயங்காலமானா சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். சிரித்தார். "சரி, அது என் முட்டாள்தனம். இப்ப நான் கேக்கறது ஒண்ணுதான். அத இனிமே அனுப்பாதீங்க. வீடு என்னுதில்ல, மலேசியாவுல, ஈப்போவுல இருக்கற பங்காளிகளோடது. சாவி வச்சிருக்கேன், அவ்வளவுதான் என் உரிமை. வெளக்கேத்த ஒரு ஆளுன்னு விட்டுவச்சிருக்காக. யாராவது வந்து வெலைக்குக் கேட்டா அடுத்த நாளே என்னப் போகச் சொல்லிருவாக. எனக்குப் போக்கிடம் இல்ல. இருக்கறமட்டும் என்ன இருக்க விடுங்க."

வீடு அவருடையது இல்லை என்பதே எனக்கு அதுவரை தெரியாது சார். அவராகத்தான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே மங்கை ஆரம்பித்துவிட்டாள். நான் நோட்டுக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தேன், பழையது கிழிந்திருந்தது.

"ஒரு மனுஷன் நம்ம வீடு தேடி வந்து உசுரக் கேட்டுட்டுப் போறாரு. நீங்க உக்காந்து அட்ட போடறீங்களா?"

"இப்ப என்ன ஆயிடுச்சு மங்கை? யாரும் அவரை ஒண்ணும் செய்யலையே."

"அவ பெரியவளாயிட்டா இந்தக் கருமம் தானா நின்னுரும், அப்புறம் மேஸ்திரி கூப்பிடமாட்டாருன்னு நான் நாள எண்ணிக்கிட்டு இருந்தேங்க. எந்தத் தாயாவது அப்படி எண்ணுவாளா? எண்ண வச்சுட்டீங்களே. அது வரைக்கும் தாங்காது போல இருக்கு. கோயம்புத்தூர்ல எங்க அக்கா பக்கத்துல பள்ளிக்கூடம் பாக்கறேன். அவளக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அமுதினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வரலம்மா. வீடு முடியறவரைக்கும் வரமாட்டேன்" என்றாள்.

"எந்த வீடுடி?"

"சேதுராமன் சார் வீடு."

மங்கை அவளை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையை அப்படியே தன் வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் பஸ் ஏறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டு, அரைப் பரீட்சை முடிந்ததும் வந்து பெண்ணைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினமும் போன் செய்கிறாள். அமுதினி நன்றாகத்தான் பேசுகிறாள், சாப்பிட்டேன், தூங்கினேன் என்று. தகப்பனும் மகளுமாக நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம்.

மங்கை சொன்னாள் என்பதற்காக, நான் பிள்ளையை உட்காரவைத்துப் பேசினேன். பேசாமல் விடவில்லை. "சேதுராமன் சாருக்கு மனசு கஷ்டமாயிடுச்சும்மா" என்றேன். அவள் யோசித்தாள். அவள் எதையும் யோசிக்காமல் பதில் சொல்லமாட்டாள்.

"நான் அவரை ஒண்ணும் பண்ணலியேப்பா. எழுதி வச்சேன். அவ்வளவுதானே?"

பத்தொன்பது வருஷம் நான் செய்ததும் அதைத்தான். பிறகு அவளே, "அவர் நல்லவர்ப்பா. எனக்குப் பிடிக்கும்" என்றாள். பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவளுக்குப் பிடிக்கும்தான். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எதிர்ச் சாரியில் இருக்கிற குழாயடி மேடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தெரு எல்லாருக்கும் பொது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அவர்தான் இப்போதெல்லாம் சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிடுகிறாராம்.

நான் ஈப்போவுக்கு ஈமெயில் எழுதினேன். ஒரு விவரம் கேட்கத்தான் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. எட்டுப் பங்காளிகள், எட்டுப் பேருக்கும் சந்தோஷம். எப்போது யார் கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி இருக்கிறது. காரைக்குடியில் ஒரு வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, அவர் மூலமாகவே முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "உள்ளே ஒரு பெரியவர் இருக்கிறாரே" என்று நான்தான் கேட்டேன். அவர்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. "அது உங்கள் இஷ்டம்" என்று மட்டும் வக்கீல் சொன்னார். வீட்டை அமுதினி பேரில் வாங்குவதாகப் பேச்சு. மைனர் என்பதால் நான் காப்பாளர். சேமிப்பு என்று நான் கொண்டுவந்தது மொத்தமும் அதற்குப் போகிறது. போகட்டும், பிள்ளைக்குத்தானே. மங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கையெழுத்து தேவைப்படாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? நாலரைக்கு வந்துவிடுவாள் சார், பார்த்துவிட்டே போங்கள். உங்கள் டப்பாவை ஒரு பார்வை பார்த்து எது என்ன என்று சொல்லிவிடுவாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதையும் கேட்டுவிடுங்கள். நீங்களும் ஒரு தகப்பன், உங்களிடம் சொன்னால்தான் எனக்கும் மனசு ஆறும்.

நேற்றுக் காலை பத்திர எழுத்தரிடம் போயிருந்தோம். விடுமுறை நாள், அதனால் அவளையும் கூட்டிப்போனேன். அவள் பெயரில் ஆகிற காரியம், அவள் பார்க்க வேண்டாமா? வரைவு நகலில் நான் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். மேற்படி வீட்டில் குடியிருக்கும் சேதுராமன் என்பவர் தமது ஆயுட்காலம் வரை அதே இரண்டு அறைகளில் இருந்துகொள்ள வேண்டியது என்று. எழுத்தர் நல்லபடியாகவே எழுதியிருந்தார். அமுதினி நகலை வாங்கி, அந்தப் பத்திரத் தமிழை, 'ஷை', 'மேற்படி' எல்லாம் சேர்த்து, ஒரு இடத்தில் தடுக்காமல் வாசித்தாள். எழுத்தரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் 'அம்மா' என்று எழுதத் தெரியாத பிள்ளை.

அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

"இது எதுக்குப்பா?"

"அவர் பாவம்மா. இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்னுதான்."

"நோட்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கேன். ஆனா அவர் இப்ப கம்பு இல்லாமலே நடக்கறார்ப்பா. நேத்துப் பாத்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குள்ள நான் பெரியவளாயிட்டா? அப்புறம் நிலைக்கு அடியில கை விட மேஸ்திரி என்னை விடமாட்டாரே."

எழுத்தர் குனிந்து மேஜையில் எதையோ தேடினார்.

அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன்.